பூபில் அண்ணை

ஆடி மாதம் பிறந்தால் கண்டாவளைக்குச் சோளகக் காற்றும் நோர்வே அண்ணையும் ஒன்றாக வந்து சேர்வார்கள். காற்று புழுதியைக் கிளப்பும். அண்ணை பனியைக் கிளப்புவார்.

யாரோ ஒருவரைக் குத்திக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முரசுமோட்டையிலும் இப்படி ஒருவர் உண்டு, புளியம்பொக்கணையிலும் உண்டு. அரைக்காற்சட்டை, கழுத்தில் துவாய், கையில் பெரிய போன். மாமர நிழலில் பிளாஸ்டிக் கதிரை போட்டதும் படம் ஓடத் தொடங்கும். முதலில் வெள்ளை. பிறகும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளையாக ஒரு வான்.

“இதுதான் எங்கடை பூபில்.”

படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே வைத்த வீட்டு வானுக்கு நோர்வேயில் அதுதான் பெயராம். வாடகைக்கு எடுத்தது என்பதை மூன்றாம் நாள்தான் சொல்லுவார்.

பங்குனியில் நோர்வேயின் வடமுனைக்குப் போயிருக்கிறார், வட அகலக்கோடு 71ஆம் பாகை. ஒஸ்லோவிலிருந்து ஏறத்தாழ 2000 கிலோமீற்றர். இலங்கையைத் தலைமாடு கால்மாடாக நாலு தரம் அடுக்கினாலும் எட்டாது. வழியில் கடலுக்கு அடியால் 212 மீற்றர் ஆழத்தில் ஒரு சுரங்கப் பாதை, 1999இல் திறந்தது. அதைச் சொல்லும்போது அண்ணை நெற்றியைத் துடைப்பார், தோண்டினதில் தனக்கும் பங்கு உண்டென்ற களைப்போடு. பனிப்புயல் என்றால் றோட்டை மறித்துவிடுவார்கள். பனி தள்ளுகிற வண்டி முன்னே போக, மற்ற வாகனமெல்லாம் வரிசையாகப் பின்னே போகவேண்டும்.

காஸ் பற்றி ஒரு தனிப் பிரசங்கம். பூச்சியத்துக்குக் கீழே பியூட்டேன் சிலிண்டருக்குள்ளேயே படுத்துவிடும். புரொப்பேன்தான் வேணும், அது மைனஸ் 42 மட்டும் எழும்பி வரும். 2022இல் காஸுக்கு வரிசையில் கிடந்த சனம் இதைப் பொறுமையாகக் கேட்கும். “எந்தக் காஸ் எண்டாலென்ன அண்ணை, சிலிண்டர் கிடைச்சால் காணும்.”

அண்ணை சொல்லாமல் விடுகிற கதைதான் எனக்குப் பிடித்தது. எண்பதுகளில் அவர் நோர்வேக்குப் போனபோது வேலை கிடைத்ததே அந்த வடக்குக் கரையில்தான். பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் கொட் மீன் வெட்டிய தமிழர் கனபேர். வார்டோ போன்ற ஊர்களில் கார்த்திகையில் மறைகிற சூரியன் தைப்பொங்கல் கழிந்த பிறகுதான் எட்டிப் பார்க்கும். சூரியன் இல்லாத ஊரில் சூரியனுக்குப் பொங்கிப் படைத்தவர் அண்ணை! அந்த இருட்டையும் குளிரையும் திட்டித் திட்டிக் காசு சேர்த்துத்தான் ஒஸ்லோவுக்கு ஓடினார். இப்போது அதே குளிருக்கு நாள் வாடகை கட்டிப் போகிறார். சம்பளம் தந்து வைத்திருந்தபோது பிடிக்காத பனி, காசு கட்டினால் வடிவாகத் தெரியுமாக்கும்.

இந்தமுறை பக்கத்து வளவு ஆச்சியும் படம் பார்த்தார்.

“தம்பி, ஒஸ்லோவிலை உனக்கு வீடு வளவு இல்லையோ?”

“நாலறை வீடு கிடக்கு ஆச்சி.”

“பிறகேன் மோனை வானுக்கை கிடந்தனீ?”

“அது ஒரு சுகம் ஆச்சி. சமையலும் படுக்கையும் வண்டிக்குள்ளை. நினைச்ச இடத்திலை நிப்பாட்டலாம்.”

ஆச்சி வெத்திலையின் காம்பைக் கிள்ளினார். “நாங்களும் போனனாங்கள்தானே, 2009 சண்டையிலை. உழவு மெசின் பெட்டிக்கை அடுப்பு, பாய், கூரைத் தகரம், ரெண்டு ஆடு. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. நினைச்ச இடத்திலை நிப்பாட்டேலாது, அவ்வளவுதான்.”

ஒருவரும் பேசவில்லை. வேறு ஆளென்றால் போனை மடியில் கவிழ்த்திருப்பார். அண்ணையோ பின்வாங்குகிற பிறவி அல்ல.

“மெசின் பெட்டியிலை கக்கூஸ் இருந்ததோ ஆச்சி?”

“இல்லை.”

“இதிலை இருக்கு!”

விளக்கம் தொடங்கியது. கீழே ஒரு பெட்டி, பெயர் கசெற். நிறைந்ததும் வெளியே இழுத்து, அதற்கென்று உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் ஊற்றவேண்டும். மைனஸ் இருபதில் கவனிக்காமல் விட்டால் கட்டியாக உறைந்துவிடும். பிறகு சுடுதண்ணி, தட்டல், குலுக்கல். அண்ணை இரண்டு கையாலும் குலுக்கிக் காட்டினார்.

“இஞ்சையப்பா,” குசினிக்குள்ளிருந்து அண்ணியின் குரல், “குலுக்கினது ஆரெண்டும் சொல்லுங்கோவன்.”

அண்ணை அடுத்த படத்தைத் தட்டினார். அதுவும் வெள்ளை.