குறிக்குக் கிடைத்த பூவேலை

எண்பதுகளில் நியூ ஹேவனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், வின்செஸ்டர் துப்பாக்கி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இரண்டு ரைஃபிள்கள் இருந்தன. இரண்டுமே ஜான் பிரௌனிங் வடிவமைத்த மாடல் 94 வகை. ஒன்று, ஆலையில் சேர்ந்த காலத்தில் மான் வேட்டைக்காக வாங்கியது. காட்டில் ஒற்றைக் கையால் தூக்கி நடக்கும்போது விரல்கள் படும் இடத்தில் மட்டும் கருநீலப் பூச்சு தேய்ந்து, இரும்பு வெள்ளிபோல் மின்னும்.

மற்றொன்று பெட்டியை விட்டு இறங்காதது. கம்பெனியின் நூற்றாண்டுக்காக 1966-இல் வந்த 'சென்டென்னியல் 66'. எண்கோணக் குழல், 1866-இல் வந்த 'யெல்லோ பாய்' துப்பாக்கியை நினைவூட்டும் தங்கமுலாம் பூசிய ரிசீவர். அதைக் காட்டும்போது துணிக் கையுறை போட்டுக்கொள்வார். தோட்டா ஏற்றும் லீவரை இழுக்க யாரையும் விடமாட்டார். "ஒரு தரம் இழுத்தாலும் கோடு விழும். வாங்க வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான்" என்பார். பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று வைத்திருந்தார்.

அப்போது பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1964-இல் வயோமிங் மாநிலத்தின் 75-ஆம் ஆண்டுக்காக ஒரு சிறப்பு ரைஃபிள் வந்தது. பிறகு கனடாவின் நூற்றாண்டு, பஃபலோ பில், கோல்டன் ஸ்பைக் என்று வரிசையாக வந்தன; 1981-இல் ஜான் வெய்ன் பெயரிலும் ஒன்று. துப்பாக்கிக் கண்காட்சிகளில் அந்த அட்டைப்பெட்டிகள் மேஜை கொள்ளாமல் அடுக்கியிருக்கும். 'சுடாதது, பெட்டியோடு' என்ற சீட்டு விலையைவிடப் பெரிதாகத் தொங்கும்.

இன்று அவர் இல்லை. 2006-இல் அந்த ஆலையும் மூடப்பட்டுவிட்டது. போன வருடம் வீட்டைக் காலி செய்யும்போது அவர் மகன் என்னைக் கூப்பிட்டிருந்தார். பெட்டியைத் திறந்தோம். நுரைப்பஞ்சு ஒட்டிக் கிடந்த இடத்தில், குழலின் மேல் கடுகளவு துருப்புள்ளிகள். காக்க வேண்டிய பஞ்சே ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. விலை கேட்க அழைத்திருந்த துப்பாக்கி வியாபாரி சொன்ன விலையோ, அரை நூற்றாண்டில் விலைவாசி ஏறியதற்கு ஈடுகொடுக்கவில்லை. தேய்ந்த பழைய 94-ஐத்தான் அவர் முதலில் கையில் எடுத்தார். 1964-இல் செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றியதற்கு முன்னால் செய்தது என்பதால் அதற்கு மவுசு.

சென்டென்னியலின் விலை ஏறாததற்குக் காரணம் எளியது. சென்டென்னியல் 66 ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. வாங்கியவர்களில் பலர் சுடாமலே வைத்தார்கள். எல்லோரும் சுடாமல் வைத்தால், சுடாதது எப்படி அரிதாகும்? போதாததற்கு, ஆலையை விட்டு வெளியே வரும் முன்பே ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்து, குழலில் முத்திரை குத்திவிடுவார்கள்.

துப்பாக்கியின் அலங்காரத்துக்கும் சுடுவதற்கும் ஒரு காலத்தில் இருந்த உறவு வேறு. 1870-களில் வின்செஸ்டர் ஆலை, சோதனையில் குண்டுகளை மிக நெருக்கமாகப் பதித்த குழல்களைத் தனியே எடுத்து வைத்தது. அவற்றுக்குத்தான் நேர்த்தியான வேலைப்பாடு. 'ஆயிரத்தில் ஒன்று' என்ற பொறிப்பு. 100 டாலர் விலை. 1873 மாடலில் அப்படி வந்தவை 130-க்குச் சற்று மேல். 1950-இல் வந்த 'வின்செஸ்டர் '73' படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போட்டியில் சுட்டு வெல்லும் பரிசும் அதுதான். நன்றாகச் சுட்டதற்குக் கிடைத்த மரியாதை அந்த அலங்காரம். தியோடர் ரூஸ்வெல்ட் தன் 1876 மாடலில் பூவேலை செய்யச் சொல்லி வாங்கினார். டகோட்டாவில் பண்ணை வைத்திருந்த காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டே வேட்டைக்குப் போனார். அதில் விழுந்த கீறல் எதுவும் அதன் மதிப்பைக் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே மகன் என்னிடம் யோசனை கேட்டபோது தயங்காமல் சொன்னேன்: சுடுங்கள். மறுவாரமே மகளை அழைத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனார், நானும் போனேன். தாத்தா இழுக்கவிடாத லீவரை அந்தப் பெண் இழுத்தாள். முதல் சில தரம் எண்ணெய் கெட்டிப்பட்டு முரண்டு பிடித்தது, பிறகு வழிக்கு வந்தது. ஐம்பது கெஜத்தில் அட்டையின் நடுவிலேயே குண்டுகள் விழுந்தன. தன் தாத்தா வேலை செய்த இடத்தில் உருவானது எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

எல்லாத் துப்பாக்கிக்கும் இந்த யோசனையைச் சொல்லமாட்டேன். ஒரு கலைஞர் உளியால் செதுக்கிய ஒற்றைத் துப்பாக்கி, கரிமருந்துக் காலத்துப் பழைய குழல், இவற்றை வயோமிங்கின் கோடி நகரத்துத் துப்பாக்கி அருங்காட்சியகம்போலப் பேணுவதே முறை. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தை அந்தப் பழைய எஃகு தாங்காமல் போகலாம். ஆனால் ஆலை லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியவற்றில் ஒன்றை, யாரோ என்றோ தரப்போகும் விலைக்காகப் பூட்டி வைக்க வேண்டாம். அதைத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள். பிள்ளைகளோடு போய்ச் சுடுங்கள். அன்றே துடைத்து, எண்ணெய் பூசி, பஞ்சுப் பெட்டிக்கு வெளியே காற்றுப்படும் அலமாரியில் பூட்டி வையுங்கள். விற்கிறபோது கொஞ்சம் விலை குறையும், குறையட்டும்.