ஏப்பம் விட அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு நிர்வாகத்தார் அவர்கள், உடற்பரிசோதனை மையம், டோக்கியோ.

பொருள்: ஏப்பம் விட அனுமதி கோருதல் – தொடர்பாக.

பெருந்தகையீர்,

தாங்கள் அனுப்பிய கடிதத்தின்படி இன்னொரு மருத்துவமனைக்குப் போய், தொண்டை வழியாகக் கேமராவை விழுங்கி, நேற்றுதான் முடிவை வாங்கிவந்தேன். என் இரைப்பையின் மேல்பகுதியில் தாங்கள் கண்டுபிடித்த சந்தேகத்துக்கிடமான நிழல் பெரும்பாலும் ஒரு காற்றுக் குமிழியாக இருந்திருக்கும் என்கிறார் அங்கிருந்த மருத்துவர். அந்தக் காற்றை எனக்குக் கொடுத்தவர்கள் தாங்கள்தான். கொடுத்ததும் தாங்கள், வெளியே விடாதே என்று அதட்டியதும் தாங்கள், உள்ளே ஏதோ இருக்கிறது என்று கடிதம் போட்டதும் தாங்கள். இவ்வளவு முழுமையான சேவையை வேறு எங்கும் நான் பெற்றதில்லை.

(இது ஏப்பம் அல்ல. பெருமூச்சு.)

எங்கள் அலுவலக வாகன நிறுத்தத்துக்கே எக்ஸ்ரே வண்டியை அனுப்பிவைத்த தங்கள் பெருந்தன்மையை முதலில் போற்றுகிறேன். இந்த வண்டிக்குப் பெரிய வரலாறு உண்டு என்று அறிவேன். ஜப்பானில் புற்றுநோய்ச் சாவுகளில் இரைப்பைப் புற்று முதலிடத்தில் இருந்த காலத்தில், 1960இல், தோஹோக்கு பல்கலைக்கழகத்தின் குரோகாவா தோஷியோ மியாகி மாவட்டக் கிராமங்களுக்கு எக்ஸ்ரே கருவியைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார். அதற்குச் சற்று முன்புதான் ஷிராகாபே ஹிகோவோவும் அவர் கூட்டாளிகளும் பேரியத்தையும் காற்றையும் சேர்த்து, இரைப்பைச் சுவரின் சின்ன மடிப்பைக்கூடப் படத்தில் கொண்டுவரும் முறையைத் தீட்டி எடுத்திருந்தார்கள். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. அதை மறுக்க நான் மூடன் அல்லன். அந்தப் பெரியவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்கள் ஒலிபெருக்கி வைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆம், ஒலிபெருக்கி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முந்தைய இரவு ஒன்பது மணிக்குமேல் சோறில்லை, காலையில் தண்ணீரும் இல்லை என்ற தங்கள் கட்டளைக்குப் பணிந்து, காய்ந்த வயிற்றோடு படியேறினேன். குருணை ஒரு பொட்டலம், அதை விழுங்க ஒரு வாய்த் தண்ணீர். அந்தக் குருணையில் இருக்கும் சமையல் சோடாவும் டார்டாரிக் அமிலமும் வயிற்றில் சந்தித்தால் கரியமில வாயு வரும், வாயு வந்தால் ஏப்பம் வரும். எட்டாம் வகுப்புப் பாடம். அதைத் தடுத்து நிறுத்தும் வேலையைத் தாங்கள் என் மனவுறுதியிடம் ஒப்படைத்தீர்கள். பிறகு ஒரு குவளை நிறையப் பேரியம் என்ற கெட்டியான வெள்ளைத் திரவம். முதல் வாயிலேயே என் மனவுறுதி ராஜினாமா செய்தது.

அடுத்த நொடி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த தங்கள் ஊழியர் ஒலிவாங்கியில் பேசினார். மிக மரியாதையாகத்தான் பேசினார். "ஏப்பத்தை அடக்கிக்கொள்ளுங்கள். காற்றுப் போய்விட்டது. குருணையை மறுபடியும் சாப்பிடுங்கள்." வண்டிச் சுவர் மெல்லியது. வெளியே வரிசையில் எங்கள் துறைத் தலைவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், போன மாதம் சேர்ந்த பயிற்சியாளர்கள். அன்று பிற்பகல் கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்கை நான் விளக்கி முடிக்கும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. ஜப்பானியர்கள் சிரிக்காமல் இருப்பதில் எத்தனை வகை உண்டு என்பதை அன்றுதான் கண்டேன்.

எங்கள் ஊரில் ஏரியையே ஏப்பம் விட்டவர்கள் மாலை மரியாதையோடு வலம்வருகிறார்கள். திரும்ப விழுங்கு என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

(இதுவும் ஏப்பம் அல்ல. கொட்டாவி.)

குருணையை மறுபடி விழுங்கியபின் எக்ஸ்ரே மேசை சாய்ந்தது. தலை கீழே, கால் மேலே, பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடி. "வலப்பக்கமாக மூன்று முறை உருளுங்கள்" என்றது ஒலிபெருக்கி. பழனியில் அங்கப்பிரதட்சணம் செய்பவருக்குக்கூடத் தரை தரையாக இருக்கும். எனக்கு அதுவும் நகர்ந்தது. "வலது இடுப்பைச் சற்று உயர்த்துங்கள். அது அதிகம். கொஞ்சம் இறக்குங்கள். அப்படியே மூச்சை நிறுத்துங்கள்." கடைசியில் ஒரு கருவி நீண்டு வந்து என் வயிற்றை அமுக்கியது. காற்றடைத்த வயிற்றை அமுக்கிக்கொண்டே ஏப்பம் விடாதே என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது தங்களிடம் நிறைய இருக்கிறது.

இரைப்பைப் புற்றுக்குப் பெரும் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேரி மார்ஷல், தன் கட்சியை நிரூபிக்க அந்தக் கிருமி வளர்ந்த சாற்றைத் தானே குடித்தார். 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். குடித்த பிறகு ஏப்பம் விட்டாரா என்று பரிசுக் குழு விசாரித்ததாகத் தெரியவில்லை.

வண்டியிலிருந்து இறங்கும்போது சிவப்பு மாத்திரை இரண்டு கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னீர்கள். நியாயம்தான். பேரியம் சல்பேட் தண்ணீரில் கரையாது, உடலோடும் கலக்காது, வந்த வேலை முடிந்ததும் தங்காமல் வெளியேறிவிட வேண்டும். என் விசாவின் நிபந்தனைகளும் ஏறக்குறைய அவையே, ஆகவே எங்களுக்குள் ஒரு பரிவு ஏற்பட்டுவிட்டது. ஆனால் மாத்திரை தன் கடமையைத் தொடங்கியது மாலையில், டோசாய் ரயிலில், மினாமி-சுனாமாச்சி நிலையம் தாண்டியதும். அங்கிருந்து நான் இறங்க வேண்டிய நிஷி-கசாய்வரை அரகாவா ஆற்றின்மேல் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான பாலம். நடுவில் நிலையம் இல்லை. ரயிலில் கழிப்பறை இல்லை. அந்தப் பாலத்தின் ஒவ்வொரு இரும்புச் சட்டமும் எனக்கு மனப்பாடம். பிறகு வீட்டில், தானே மூடி திறந்து, தானே கழுவி, தானே உலர்த்தும் கழிப்பறை, தண்ணீரைவிட நாலரை மடங்கு அடர்த்தியான அந்த வெள்ளைப் பொருளிடம் தோற்று நின்றதைப் பற்றி இந்த மரியாதையான கடிதத்தில் எழுத விரும்பவில்லை.

இதெல்லாம் போகட்டும். பிறகு தங்கள் கடிதம் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு வந்தது. ஜப்பானியக் கான்ஜி எழுத்தில் ஒரே வரி: நுணுக்கமான பரிசோதனை தேவை. எங்கே, என்ன, எவ்வளவு சந்தேகம், ஒன்றும் இல்லை. தொலைபேசி எண் இருந்தது, திங்கட்கிழமை காலையில்தான் எடுப்பார்களாம். என் மனைவி அந்த வரியை அலைபேசியில் படம்பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தாள். வேறு பதில் வருமா என்று மறுபடியும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் நின்றபடி, காப்பீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். ஒரு மனிதனுக்குப் புற்றுநோய் இருக்கலாம் என்று சொல்ல ஒரு மனிதனை அனுப்ப முடியாதா உங்களால்? ஏப்பம் விட்டதைச் சொல்ல ஒலிவாங்கி பிடித்து ஆள் உட்காரவைத்திருக்கிறீர்கள். இதைச் சொல்ல ஆள் இல்லையா? வயிற்றுக்குள் இருக்கும் குமிழி தெரிகிறது, வயிற்றுக்கு வெளியே ஒரு குடும்பம் இருப்பது தெரியவில்லையா?

மன்னிக்கவும். அடக்கிக்கொண்டேன்.

அறியாமையில் ஒரு கேள்வி. இரைப்பைக்குள் அனுப்பும் கேமரா 1950இல் இதே டோக்கியோவில் பிறந்தது. டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவர் ஊஜி தட்சுரோவும் ஒலிம்பஸ் பொறியாளர்களும் சேர்ந்து உண்டாக்கியது. உலகம் முழுவதும் மருத்துவர்கள் அதன் வாரிசுகளைக் கையில் வைத்திருக்கிறார்கள். நகராட்சிகள் நடத்தும் பரிசோதனைக்கான அரசு வழிகாட்டுதல்கூட, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயோ கேமராவோ எடுத்துக்கொள்ளலாம் என்று 2016இலேயே மாறிவிட்டது. அலுவலகங்கள் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை நடத்தியாக வேண்டும் என்கிற 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயப் பட்டியலிலோ பேரியமே கிடையாது. ஆனால் நான் முதலிலேயே கேமரா கேட்டபோது, அதற்குத் தனிக் கட்டணம், அதுவும் இந்த ஆண்டு இடம் நிரம்பிவிட்டது என்றீர்கள். பேரியத்தில் நிழல் தெரிந்தால் கேமராவுக்குத்தான் அனுப்புகிறீர்கள். கேமராவுக்குப் போகும் வழி எப்போதும் பேரியத்தைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பதில் இருக்கும் ஞானம் என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. தயவுசெய்து விளக்கவும். ஒலிபெருக்கியில் வேண்டாம்.

(இது மட்டும் ஏப்பம்தான். தங்கள் குருணையின் மிச்சமாக இருக்கலாம்.)

அடுத்த ஆண்டுக்கான படிவம் அதற்குள் வந்துவிட்டது. எனக்குச் சிரமம் வேண்டாம் என்று பேரியம் என்ற கட்டத்தில் தாங்களே டிக் அச்சடித்து அனுப்பியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. குருணையை மட்டும் சில மாதங்கள் முன்னதாக அனுப்பிவைத்தால், வீட்டில் பயிற்சி எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் அடக்கமுள்ள வாடிக்கையாளன்
நிஷி-கசாய்