1,945 காசும் 70 மதிப்பெண்ணும்

அமெரிக்க நாணயச்சாலையின் இயக்குநர் அவர்களுக்கு,

தங்கத்தைவிட விலை உயர்ந்த ஒரு சரக்கைக் கண்டுபிடித்து, அதைத் தங்கத்தின் மேல் பூசி விற்றுவரும் உங்கள் நிறுவனத்துக்கு முதலில் பாராட்டு. அந்தச் சரக்கின் பெயர் பற்றாக்குறை. அதற்குச் சுரங்கம் வேண்டாம், உருக்காலை வேண்டாம். ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து ஓர் எண்ணைச் சொன்னால் போதும். 2020 நவம்பரில் நீங்கள் சொன்ன எண் 1,945. இரண்டாம் உலகப் போர் முடிந்து 75 ஆண்டு ஆனதைக் கொண்டாட, வழக்கமான ஒரு அவுன்ஸ் அமெரிக்கன் ஈகிள் தங்க புரூஃப் காசில் 'வி75' என்று கடுகளவு முத்திரை ஒன்றைக் கூடுதலாகப் பதித்தீர்கள். போர் 1945இல் முடிந்தது, ஆகவே காசும் 1,945தான் என்றீர்கள். காசின் மேல் எழுதியிருந்தது 50 டாலர். வாங்கும் விலை ஏறத்தாழ 2,600 டாலர். உங்கள் இணையதளம் திணறித் திணறிச் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் விற்று முடித்தது. மறுவிற்பனையில் விலை உடனே பல மடங்கானது. முதல் உலகப் போரை எடுத்திருந்தால் 1,918 காசுதான் கிடைத்திருக்கும், இன்னும் 27 பேர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பார்க்காமல், நாட்காட்டியைப் பார்த்து உற்பத்தியை முடிவு செய்யும் தொழிற்சாலை உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

உங்கள் நிறுவனம் பிறந்த கதையோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதன் முழு அழகும் புலப்படும். உங்களை உண்டாக்கியது 1792ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். அதன் 19ஆம் பிரிவு, காசில் இருக்க வேண்டிய தங்கத்தையோ வெள்ளியையோ குறைத்து மோசடி செய்யும் நாணயச்சாலை அலுவலருக்கு மரண தண்டனை விதித்தது. அவ்வளவு கடுமை ஏன் என்றால், ஒரு காசு இன்னொரு காசுக்குச் சமம் என்ற நம்பிக்கை போனால் அது காசே இல்லை, வெறும் உலோகத் துண்டு. அந்தச் சமத்துவத்தைச் சோதிக்க ஆண்டுதோறும் ஒரு மதிப்பீட்டுக் குழு கூடி, நீங்கள் அடித்த காசுகளில் சிலவற்றை எடுத்து நிறுத்துப் பார்த்தது, உருக்கிப் பார்த்தது. 1980இல் அந்தக் குழுவுக்கு மூடுவிழா நடந்தது. சரியாக ஆறு ஆண்டு கழித்து, 1986இல், இரண்டு காரியங்கள் சேர்ந்து நடந்தன: நீங்கள் ஈகிள் தங்கக் காசை வெளியிடத் தொடங்கினீர்கள், காசுகளுக்கு மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் பிசிஜிஎஸ் என்ற தனியார் நிறுவனம் கடை திறந்தது. மறு ஆண்டே அதே தொழிலுக்கு என்ஜிசி வந்தது. காசெல்லாம் சமம் என்று சான்று தர ஒரு காலத்தில் அரசாங்கக் குழு இருந்தது. இப்போது எந்தக் காசும் சமமில்லை என்று சான்று தரக் கட்டணம் வாங்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

அந்தச் சான்று எப்படிப்பட்டது என்பதையும் பார்த்துவிடலாம். 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949இல் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். அவர் அளந்தது தங்கத்தை அல்ல, கைபட்டுத் தேய்ந்த பழைய செப்பு சென்ட்டுகளை. (அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தம்முடைய மட்டமான காசுகளை அங்கே வைத்துவிட்டு வந்தவரும் அவரே என்பது பின்னாளில் நிரூபணமானது. தர வேறுபாட்டை அவரளவு கூர்ந்து கவனித்தவர் யாரும் இல்லை.) பல ஆண்டு சந்தையில் புரண்ட செம்புக்குப் பொருத்தமான அந்த அளவுகோலை, ஒருவர் விரலும் படாத உங்கள் புரூஃப் காசின் மேல் வைக்கிறார்கள். அந்தக் காசு எப்படிப் பிறக்கிறது? அச்சைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, உருவம் வரும் இடத்தை மட்டும் பனி படர்ந்தாற்போல் மங்கலாக்கி, ஒரே வில்லையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி, கையுறை போட்ட கையால் எடுத்து, உறையில் அடைத்து அனுப்புகிறீர்கள். வாங்கியவர் அதை மதிப்பெண் போட அனுப்புகிறார். அங்கே ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் குறையே தெரியாவிட்டால் 70. ஏதோ ஒரு புள்ளி தெரிந்தால் 69. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மதிப்பெண்ணில்தான் விலை ஏறி இறங்குகிறது. இரண்டிலும் இருப்பது ஒரே 22 காரட், நம் நகைக்கடைப் பேச்சில் சொன்னால் 916. நகைக்கடைக்காரராவது செய்கூலி, சேதாரம் என்று பில்லில் எழுதிக் காட்டுவார். உங்கள் பில்லில் பற்றாக்குறைக்குத் தனி வரி இல்லை.

'மதிப்பெண் போடுவது நாங்கள் இல்லையே' என்பீர்கள். உண்மைதான். மதிப்பெண் போட்ட கூட்டில் ஒட்டித் தரும் 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' (முதல் அடி) என்ற சீட்டைப் பற்றி, எந்தக் காசு முதலில் அடிக்கப்பட்டது என்ற கணக்கையே வைத்திருப்பதில்லை என்றும், ஓர் அச்சு ஓயும்வரை எல்லாக் காசும் ஒரே தரம் என்றும் நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். அந்தச் சீட்டுக்குத் தகுதி, வெளியீட்டிலிருந்து முதல் 30 நாளுக்குள் காசு மதிப்பெண் கம்பெனிக்குப் போய்ச் சேர்வது. அச்சு இயந்திரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் வெளியீட்டு நாளைக் குறிப்பது யார்? எண்ணைச் சொல்வது யார்? 2014 ஆகஸ்டில் கென்னடி அரை டாலரைத் தங்கத்தில் வெளியிட்டீர்கள். 24 காரட், முக்கால் அவுன்ஸ், விலை 1,240 டாலர். அதற்கு உச்ச எண்ணிக்கையே கிடையாது, கேட்டவர்க்கெல்லாம் அடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். இருந்தும் சிகாகோ அருகே நடந்த நாணயக் கண்காட்சியில், நாளொன்றுக்கு இத்தனைதான் என்று ஒரு பங்கீடு வைத்ததும் கூட்டம் அலைமோதியது. வரிசையில் நிற்க வியாபாரிகள் கூலிக்கு ஆள் பிடித்தார்கள். சில நாளிலேயே பாதுகாப்புக் காரணம் சொல்லி நேரடி விற்பனையை நிறுத்தினீர்கள். பற்றாக்குறையே இல்லாத காசுக்கு அடிதடி நடந்ததென்றால், மக்கள் விரும்பியது காசையும் அல்ல, தங்கத்தையும் அல்ல. இன்ன நாளில், இன்ன இடத்தில் வாங்கியது என்று சொல்லும் சீட்டை.

சேகரிப்பாளர்கள் விவரமறிந்தவர்கள், தங்கள் பணத்தைத் தங்கள் விருப்பப்படி செலவழிக்கிறார்கள் என்ற வாதத்தில் எனக்குச் சண்டை இல்லை; தீப்பெட்டிப் படம் சேர்ப்பவரையும் நான் மதிக்கிறேன். லாபம் கருவூலத்துக்குத்தானே போகிறது என்ற வாதம்தான் இடிக்கிறது. 2020இல் 2,600 டாலருக்கு மேல் ஏறிய பணம் கருவூலத்துக்குப் போகவில்லை, முந்திக்கொண்டு பொத்தானை அழுத்தியவரின் பைக்குப் போனது. அது உங்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 2024இல் 'ஃப்ளோயிங் ஹேர்' என்ற தங்கக் காசை 17,500 அடித்தபோது, அவற்றில் 230 காசில் மட்டும் தனி முத்திரை வைத்து ஏலத்துக்கு அனுப்பினீர்கள். முதல் எண் கொண்ட காசு 4,40,000 டாலருக்குப் போனது. அன்று ஓர் அவுன்ஸ் தங்கம் 3,000 டாலரைக்கூடத் தொட்டிருக்கவில்லை. கள்ளச்சந்தைக்காரரை ஒழிக்க அவர் இடத்தில் அரசே உட்கார்ந்துகொள்வது நல்ல உத்திதான். ஆனால் அதற்குப் பொதுநலம் என்று பெயர் வைக்கும்போது கொஞ்சம் தயங்கலாம்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். ஈகிள் காசைப் பிறப்பித்த 1985ஆம் ஆண்டுச் சட்டம், மக்களின் தேவைக்குப் போதுமான அளவு அதை அடித்து வெளியிடச் சொல்கிறது. அது முதலீட்டுக் காசுக்குத்தான், மெருகேற்றிய புரூஃபுக்கு அல்ல என்று உங்கள் வழக்கறிஞர்கள் விளக்கம் வைத்திருப்பார்கள். அப்படியே இருக்கட்டும். சட்டத்தை விட்டுவிட்டு ஒரு விண்ணப்பம் மட்டும் வைக்கிறேன். அடுத்த சிறப்பு வெளியீட்டுக்கு எண் எதுவும் சொல்லாமல், ஆர்டர் வாங்குவதை 30 நாள் திறந்து வையுங்கள். கேட்டவர்க்கெல்லாம் ஒன்று அடித்துக் கொடுத்துவிட்டு அச்சை உடைத்துவிடுங்கள். எல்லாக் காசையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டால், அந்த 30 நாள் விதிப்படி ஒவ்வொன்றுக்கும் 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். அதன் பிறகும் கட்டணம் கட்டி ஒட்டிக்கொள்ள யாராவது வரிசையில் நிற்கிறார்களா என்பதை மதிப்பெண் கம்பெனிகள் எண்ணிச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
எந்தக் காசுக்கும் எந்தக் காசும் சமம் என்று இன்னும் நம்பும் ஒருவன்