ஜென் தம்பியும் பாஸ்போர்ட் சைஸும்

(கேளம்பாக்கம். கோவளம் சாலை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் ஒரு ஸ்டுடியோ. காலை ஒன்பது மணி. கடைக்காரர் ஃபிலிம் காலத்து ஆசாமி. உள்ளே வருபவருக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை, சனி, ஞாயிறுகளில் ஜென் புகைப்படக்காரர். முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, கையில் கார்பன் ஃபைபர் டிரைபாட், முட்டி வரைக்கும் சேறு. எளிமையைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் லக்கேஜ் அதிகம்.)

ஸ்டுடியோ: வா தம்பி. முதல்ல வெளியே குழாய்ல காலைக் கழுவிட்டு வா. இன்னா, நாத்து நட்டுட்டு வர்றியா?

ஜென்: பேக்வாட்டர்ல ஷூட்ணே. விடியறதுக்கு முன்னாடியே போயிட்டேன். அப்படியே எனக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும். ஜப்பான் விசாவுக்கு.

ஸ்டுடியோ: கழுத்துல ஒரு கேமரா, பையில ரெண்டு கேமரா. நீ என்கிட்ட வந்து போட்டோ எடுக்கச் சொல்ற.

ஜென்: நான் மனுஷங்களை எடுக்கறதில்லண்ணே.

ஸ்டுடியோ: ஏன், பேமெண்ட் ஒழுங்கா வர்றதில்லையா?

ஜென்: அது இல்ல. மனுஷன் ஃப்ரேமுக்குள்ள வந்தாலே சத்தம். நான் தேடறது மௌனம். ஒரு குச்சி, கொஞ்சம் தண்ணி, மீதியெல்லாம் வெறும் வெளி. இதோ பாருங்க, காலையில எடுத்தது.

ஸ்டுடியோ: (மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு) இது நம்ம கோவளம் ரோட்டுப் பாலத்தாண்ட எடுத்ததா? அந்தாண்ட படூர், ஏகாட்டூர்னு அடுக்குமாடி வரிசையா நிக்குமே. கரண்ட் கம்பி போவுமே. எல்லாம் எங்க?

ஜென்: பாதி பனியில போயிடுச்சு. மீதியை வண்டியில உக்காந்து லேப்டாப்ல எடுத்துட்டேன்.

ஸ்டுடியோ: பூநாரை கூட்டமா இறங்கியிருக்குன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்களே, அது?

ஜென்: இருந்துச்சு. லாங் எக்ஸ்போஷர்ல கரைஞ்சுடுச்சு.

ஸ்டுடியோ: கரைஞ்சுடுச்சா!

ஜென்: லென்ஸுக்கு முன்னாடி பத்து ஸ்டாப் ஃபில்டர் மாட்டியிருக்கேன். வெளிச்சத்துல ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்குதான் உள்ளே வரும். 1/15 செகண்ட்ல முடிய வேண்டிய படத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஷட்டரைத் திறந்து வெக்கணும். அதுக்குள்ள அலையெல்லாம் பால் மாதிரி ஆயிடும். அசையற எதுவும் சரியாப் பதியாது. பூநாரை சும்மா நின்னிருந்தா பரவாயில்ல, தலையைத் தண்ணிக்குள்ள விட்டு மேஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ரோஸ் கலர்ல ஒரு கறையா விழுந்துச்சு. அதையும் துடைச்சுட்டேன்.

ஸ்டுடியோ: அதுக்குன்னு வெளியூர்லேர்ந்து காருல வந்து நிக்கறாங்க. நீ கறைன்னு துடைச்சுட்ட. ம்.

ஜென்: இதுக்குப் பெரிய சரித்திரமே இருக்குண்ணே. 1838ல பாரிஸ்ல டாகர்னு ஒருத்தர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். ஜனமும் குதிரை வண்டியுமா ஜேஜேன்னு இருக்கிற தெரு. ஆனா எக்ஸ்போஷர் பல நிமிஷம். அத்தனையும் மறைஞ்சுபோய் தெரு காலியா விழுந்துச்சு. மூலையில ஒரே ஒரு ஆள் மட்டும். போட்டோவுல விழுந்த முதல் மனுஷன்னே சொல்றாங்க.

ஸ்டுடியோ: அந்த ஆள் மட்டும் எப்படித் தப்பிச்சான்?

ஜென்: ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு நின்னிருந்தான். காலை நீட்டி அசையாம.

ஸ்டுடியோ: பாலிஷ் போட்டவன்?

ஜென்: அவன்... கொஞ்சம் மங்கலாத்தான் தெரிவான்.

ஸ்டுடியோ: அப்ப, காலைக் காட்டிக்கிட்டு நின்னவன் சரித்திரத்துல விழுந்துட்டான், குனிஞ்சு வேலை செஞ்சவன் மங்கிட்டான். கேமரா பொறந்த உடனே ஆளு பாத்துப் பழகக் கத்துக்கிச்சு.

(ஜென் தம்பி இதற்குப் பதில் யோசிப்பதுபோல ஃபில்டரைத் துடைக்கிறார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது.)

ஸ்டுடியோ: சரி, படத்துல இங்க இடது பக்கம் லேசா புகை மாதிரி ரெண்டு தெரியுதே. இது இன்னா?

ஜென்: அதுவா? ரெண்டு அம்மா இறால் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நகர்ந்துக்கிட்டே இருந்ததால புகை மாதிரி ஆயிடுச்சு. அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆவியா மூடுபனியான்னு சொல்ல முடியாத ஒரு இது.

ஸ்டுடியோ: ஆவி இல்லப்பா, இருளர் வூட்டு அம்மாங்க. அவங்க எப்படிப் பிடிக்கறாங்கன்னு பாத்தியா?

ஜென்: கவனிக்கல. ஹிஸ்டோகிராம் பாத்துக்கிட்டிருந்தேன்.

ஸ்டுடியோ: வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணிக்குள்ள முட்டி போட்டு, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவிக்கிட்டே போவாங்க. பறிக்கூடையைப் பல்லுல கடிச்சுத் தொங்க விட்டுக்குவாங்க, ரெண்டு கையும் வேலைக்கு வேணுமே. கலங்கின தண்ணியில கண்ணு எதுக்கும் உதவாது. விரலுக்குக் கீழ துள்ளுனா இறால், முள்ளு குத்துனா கெளுத்தி. பிடிச்சதை அப்படியே பறிக்குள்ள தள்ளிடுவாங்க. வாயில பறி இருக்கறதால பேச்சும் கிடையாது. நேரம் போறதே தெரியாம அப்படியே தடவிக்கிட்டுப் போவாங்க. உன் ஜென்னுல இதுக்கு எதாச்சும் பேரு இருக்கா?

ஜென்: (தயங்கி) மைண்ட்ஃபுல்னெஸ்னு சொல்லலாம்.

ஸ்டுடியோ: அதுக்கு ஃபீஸ் கட்டித்தானே ஜப்பான் போற?

ஜென்: வொர்க்‌ஷாப்ணே. பத்துப் பேருக்குத்தான் இடம். கியோட்டோவுல ரியோஆன்ஜின்னு ஒரு கோயில். வெள்ளைச் சரளை கொட்டி அரிச்சு வெச்சிருப்பாங்க, அதுல 15 கல்லு. எங்க உக்காந்து பாத்தாலும் ஒரு கல்லாவது கண்ணுக்கு மறைஞ்சுடும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல பாத்துட முடியாது. எவ்ளோ பெரிய தத்துவம்!

ஸ்டுடியோ: பதினஞ்சு பேரை மணவறையில நிக்க வெச்சு குரூப் எடுத்துப் பாரு. எந்தப் பக்கம் போய் நின்னாலும் ஒரு சித்தப்பா மறைஞ்சுடுவாரு. கல்லுன்னா பரவாயில்ல, மறுநாள் கடைக்கு வந்து சண்டை போடாது.

ஜென்: உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. ஜென்னுக்கே மூலகுரு போதிதர்மர், அவர் யாருன்னு நினைச்சீங்க? நம்ம காஞ்சிபுரத்துக்காரர்ணே. பல்லவ ராஜகுமாரன். இங்கேர்ந்து கப்பலேறிப் போய்த்தான் சீனாவுல...

ஸ்டுடியோ: தெரியும். ஏழாம் அறிவு பாத்தேன். சூர்யா.

ஜென்: அது சினிமா. மரபா அப்படிச் சொல்றாங்க. ஆனா சீனாவுல பழைய குறிப்பு ஒண்ணு அவரைப் பாரசீகர்னு சொல்லுது, இன்னொண்ணு தென்னிந்தியர்ங்குது. ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கறாங்க.

ஸ்டுடியோ: பின்ன? ஐடி ப்ரூஃப் இல்லாம ஊரை விட்டுப் போனா அப்படித்தான். போறதுக்கு முன்னாடி ஒரு பாஸ்போர்ட் சைஸ் எடுத்து வெச்சிருந்தாருன்னா இவ்ளோ பேஜார் இல்ல.

ஜென்: ஒன்பது வருஷம் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாராம்ணே.

ஸ்டுடியோ: (பின்னால் தொங்கும் வெள்ளைத் திரையைக் காட்டி) கடை போட்ட நாளா நானும் இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இன்னும் ஞானம் வரல. வாடகைதான் ஏறுது.

ஜென்: சீனச் சக்கரவர்த்தி வூ அவரைக் கூப்பிட்டு, இத்தனை கோயில் கட்டியிருக்கேனே, எனக்கு எவ்ளோ புண்ணியம்னு கேட்டாராம். ஒண்ணுமே இல்லைன்னுட்டார். அவ்ளோதான். அந்த ஒரு பதில்ல...

ஸ்டுடியோ: உன் படத்துக்கு எத்தனை லைக்?

ஜென்: இப்பதானேண்ணே போட்டேன். நாற்பது நிமிஷத்துல இருநூத்திப் பன்னெண்டு. (போனைப் பார்த்து) பதினாலு.

(இந்த இடத்தில் நான் எதுவும் சொல்வதற்கில்லை.)

ஸ்டுடியோ: ஜப்பான்ல வேற இன்னா எடுக்கப்போற?

ஜென்: கடல். ஹிரோஷி சுகிமோட்டோன்னு ஒருத்தர், 1980லேர்ந்து உலகம் பூரா போய்க் கடலை எடுத்திருக்கார். பாதி தண்ணி, பாதி வானம், நடுவுல ஒரு கோடு. வேற ஒண்ணும் கிடையாது. அதெல்லாம் மியூசியத்துல தொங்குது.

ஸ்டுடியோ: கோவளத்துல ஷேர் ஆட்டோவுல போனா தெரியுமே அது. சரி, அப்பால?

ஜென்: அப்புறம் ஹொக்கைடோ. பியேய்னு ஒரு ஊர்ல வயல் நடுவுல ஒத்தை மரம். தத்துவ மரம்னே பேரு. தலையைச் சாய்ச்சுக்கிட்டு யோசிக்கற மாதிரி நிக்கும். அதை எடுக்காத மினிமலிஸ்டே கிடையாது. ஆனா (குரல் கம்முகிறது) அது இப்ப இல்ல. 2016ல வெட்டிட்டாங்க.

ஸ்டுடியோ: அடப்பாவமே. ரோடு போட்டாங்களா?

ஜென்: இல்லண்ணே. வயல்காரரே வெட்டிட்டார். மரமும் நோவு கண்டிருந்துச்சு. அதோட, படம் எடுக்க வர்றவங்க நிலத்துல இறங்கிப் பயிரை மிதிச்சுக்கிட்டே இருந்தாங்களாம். சொல்லிப் பாத்தாராம். கேக்கல.

ஸ்டுடியோ: அமைதியைப் படம் பிடிக்க வந்து அந்தாளு நிம்மதியைக் கெடுத்திருக்கீங்க. நம்மூர் உப்பளத்துலயும் இதே கதைதான். மழை முடிஞ்சதும் வரப்பு கட்டி, பாத்தியை மிதிச்சு மிதிச்சு இறுக்குவாங்க. தரை கெட்டியானாத்தான் உப்பு சேறு ஒட்டாம வெள்ளையா வரும். கல்யாணத்துக்கு முன்னாடியே ஜோடி ஜோடியா போட்டோ எடுத்துக்கறதுங்க பாரு, அதுங்க ஹைஹீல்ஸோட நடு வரப்புல ஏறி, பொண்ணு மாப்பிள்ளை தோள்ல சாஞ்சு, ட்ரோனு மேல சுத்தி... வரப்பு உடைஞ்சா மறுபடி கட்டறவன் எந்தப் படத்துலயும் கிடையாது. நீயும் இறங்கினியா?

ஜென்: ஓரமாத்தான்.

ஸ்டுடியோ: அதான் முட்டி வரைக்கும் தெரியுதே. சரி விடு. அழிக்கிற வேலை எனக்கும் தெரியும், ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. கல்யாண ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்து, இந்த மச்சானை மட்டும் எடுத்துடுங்கண்ணாம்பாங்க, ஏதோ சொத்துத் தகராறு. எடுத்துக் குடுப்பேன். காசு வாங்கிட்டுத்தான். அப்பால சாவு வீடு. ஆளு போனப்புறம் பாத்தா தனியா ஒரு படம் இருக்காது. எதோ காதுகுத்து கும்பல்ல பின்வரிசையில பாதி முகம் தெரியும். அதைப் பெருசு பண்ணி, முன்னால நிக்கறவன் முழங்கையை எடுத்து, பின்னால தொங்கற பலூனு, சீரியல் லைட்டு எல்லாத்தையும் எடுத்து, நீலத்தைப் போட்டு, மாலை போடற மாதிரி ஃப்ரேமுக்குள்ள வெச்சுக் குடுப்பேன். அந்த இறால் தடவுற அம்மாங்கள்ல ஒருத்தங்க வூட்டுக்காரர் படம்கூட இங்கதான் பண்ணாங்க. நான் மத்ததையெல்லாம் எடுத்துட்டு ஆளை வெப்பேன். நீ ஆளை எடுத்துட்டு மத்ததை வெக்கற.

ஜென்: அது வேற இதுண்ணே. அது கமர்ஷியல்.

ஸ்டுடியோ: ஆமாமா. வா, ஸ்டூல்ல உக்காரு. பையையெல்லாம் கீழ வை. எல்லாத்தையும். கண்ணாடியைக் கழட்டு. தோள் ரெண்டும் சமமா. மோவாயைக் கொஞ்சம் இறக்கு... ரொம்ப இறக்காத. சிரிக்காத.

ஜென்: சிரிக்கலையே.

ஸ்டுடியோ: புத்தர் சிலை மாதிரி லேசா ஒண்ணு வெச்சிருக்க பாரு, அதையும் எடு. வாயை மூடு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு இதான் சட்டம்: சந்தோஷமும் தெரியக் கூடாது, துக்கமும் தெரியக் கூடாது, பின்னால ஒரு நிழல் விழக் கூடாது. லென்ஸைப் பாரு. எதையும் யோசிக்காத.

ஜென்: யோசிக்காம எப்படிண்ணே இருக்கறது?

ஸ்டுடியோ: கொஞ்ச நேரம்தான்யா. 1/125 செகண்ட்.

(ஃப்ளாஷ். கண் மூடிவிடுகிறது. மறுபடி ஃப்ளாஷ். புருவம் தூக்கிக்கொள்கிறது. மூன்றாவதில், வெளியே ஒரு மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, தம்பி திடுக்கிட்டு எல்லாவற்றையும் மறந்த கணத்தில், படம் சரியாக விழுந்துவிடுகிறது.)

ஜென்: (திரையைப் பார்த்து) அண்ணே, கண்ணுக்குக் கீழ கருவளையம் இருக்கு. அதை மட்டும் கொஞ்சம்...

ஸ்டுடியோ: கூடாது. விசா போட்டோவுல கை வெச்சா திருப்பி அனுப்பிடுவான். மச்சம், தழும்பு, வழுக்கை எல்லாம் இருக்கிற மாதிரியே இருக்கணும்.

ஜென்: நெத்தியில சேறு வேற இருக்கு.

ஸ்டுடியோ: அதைத் துடைச்சுட்டு இன்னொண்ணு எடுக்கலாம். கைக்குட்டையால துடை, கம்ப்யூட்டர்ல இல்ல.

(மறுபடி ஒன்று. பிரிண்டர் ஓடுகிறது.)

ஜென்: எனக்கு ஒரே ஒரு காப்பி போதும்ணே. நான் தேவைக்கு மேல எதுவும் வெச்சுக்கறதில்ல.

ஸ்டுடியோ: ஒரு செட்டுன்னா எட்டு. தனியா ஒண்ணு போட்டா பேப்பர் வேஸ்ட்.

ஜென்: மீதி ஏழை வெச்சு என்ன பண்றது?

ஸ்டுடியோ: பேங்க், கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு. ஸ்கேனர் அங்க இருக்கு பாரு, அந்த டிரைபாட்டைக் கொஞ்சம் நகத்து. பின்னாடி ஆள் நிக்கறாங்க.