தொடரலாமா தம்பி

வாணியம்பாடியில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு 'தொடரலாமா தம்பி' இருப்பான். வயது இருபத்தைந்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. பி.எஸ்சி. முடித்தவன். இஸ்லாமியாக் கல்லூரியில் படித்தேன் என்பவன், அது 1919-இல் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்வான், ஏதோ அஸ்திவாரக் கல் சுமந்தவன் மாதிரி. ஷூ கம்பெனிக்குப் போக மனசில்லை. சென்னைக்குப் போகத் துணிச்சலில்லை. ஆகவே தபால் வழியில் மெடிக்கல் கோடிங் படிக்கிறான். படிக்கிறான் என்றா சொன்னேன்? படிப்பைத் தொடரலாமா என்று யோசிக்கிறான். மூன்று வருஷமாக.

டீக்கடையில் அவன் அந்தப் படிப்பை விளக்கும்போது கேட்க வேண்டும். "அமெரிக்காவுல ஒருத்தன் காலை ஒடச்சிகினான்னு வெச்சிக்கோ. டாக்டர் கட்டுப் போட்டுடுவாரு. துட்டு தர வேண்டியவன் இன்சூரன்ஸ்காரன். எந்தக் காலு, எப்படி ஒடஞ்சுது, இன்னா கட்டு, எல்லாத்துக்கும் நம்பர் போட்டு அனுப்பணும். ஒரு நம்பர் தப்பாச்சுன்னா துட்டு வராது." அந்த நம்பர் புத்தகத்தில் எழுபதாயிரம் சொச்சம் இருக்கின்றன. கோழி கொத்தினால் ஒன்று, மாடு முட்டினால் ஒன்று, வாத்து கடித்தால் இன்னொன்று. மாமியார் வீட்டோடு ஒத்துப்போகாவிட்டால் அதற்கும் ஒன்று. இந்த இடத்தில் டீ ஆற்றுகிற பாயின் கை நின்றுவிடும். "அதுக்கு இன்சூரன்ஸ்காரன் இன்னாப்பா குடுப்பான்?"

கட்டிய தவணை மூன்று. வந்த பாடம் ஆறு. பிரித்தது நாலரை. ஐந்தாம் பாடத்தின் நடுவில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று அடையாளமாகச் செருகியிருக்கிறது. அதில் இருக்கும் கட்டணத்தைப் பார்த்தாலே எத்தனை நாளாகச் செருகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தலையணை பருமனுள்ள அந்த நம்பர் புத்தகத்தை அம்மா முதலில் தொட பயந்தார். இப்போது இட்லி மாவுப் பாத்திரம் பொங்கித் தட்டைத் தூக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறார்.

ஏன் படிக்கவில்லை என்று கேட்டுவிடாதீர்கள். காரணம் அவனிடம் பஞ்சாங்கம்போல் தயாராக இருக்கும். நோய்களின் நம்பர் வருஷா வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி மாறும். அதனால் ஆடியில் கேட்டால், "அக்டோபர்ல புதுசு வருதுண்ணே, பழசைப் படிச்சு இன்னா பண்றது?" சிகிச்சைகளின் நம்பர் ஜனவரி 1-இல் மாறும். அதனால் தீபாவளிக்குக் கேட்டால், "ஜனவரி வரட்டும்." பொங்கலுக்குக் கேட்டால் பொங்கல். நடுவில் ரம்ஜான், நண்பன் கல்யாணம், பிரியாணி. இப்போது புதிதாக ஏஐ வேறு வந்துவிட்டது. "எல்லாத்தையும் அதுவே போட்டுடும்றாங்களே" என்று சொல்லும்போது அவன் முகத்தில் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் தெரிகிறது.

பரீட்சையாவது கஷ்டமா என்றால், நூறு கேள்வி, நாலு மணி நேரம், நம்பர் புத்தகத்தைப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்து எழுதலாம். பார்த்து எழுதுகிற பரீட்சைக்கு பயப்படுகிற பிள்ளையை இந்த ஊர் இப்போதுதான் பார்க்கிறது. "பாஸ் பண்ணாலும் பட்டத்துக்குப் பின்னாடி 'ஏ'ன்னு ஒட்டிடுவாண்ணே. அப்ரன்டிஸ். அனுபவம் வந்தாத்தான் எடுப்பான்." அந்த எழுத்தை எடுக்கும் வழியெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறான். பரீட்சைக்குத்தான் இன்னும் பணம் கட்டவில்லை.

அவனை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து, "தோல் ஷாப்பு இன்னிக்கோ நாளைக்கோ, நீ வேற வேலை பாத்துக்கோ" என்று சொல்லித்தான் இங்கே பிள்ளைகளை வளர்த்தார்கள். ஷாப்புகள் இன்னும் ஓடுகின்றன. பிள்ளைகள்தான் வேறு வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்பா அப்படியொரு ஷாப்பில் செலக்டர். ஈரம் சொட்டும் நீலத் தோலை மேஜையில் விரித்து, ஒரு தடவு, ஒரு புரட்டு. உண்ணி கடித்த வடு, கத்தி பட்ட கீறல், முள் கிழித்த கோடு எல்லாம் அந்த ஒரு புரட்டில் தெரிந்துவிடும். "ரெண்டு... மூணு... ரெண்டு... ரிஜெக்ட்." அடுத்த தோல். ஒரு நாளில் எத்தனை நூறு தோலுக்கு நம்பர் போடுகிறாரோ! புத்தகம் கிடையாது, அக்டோபர் ஜனவரி கிடையாது. தபால் படிப்பைப் பற்றி அவர் இதுவரை வாயே திறந்ததில்லை.

போன வாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து புறங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். விரலிடுக்கெல்லாம் தடித்துச் சிவந்து வெடித்திருந்தது. தம்பி எட்டிப் பார்த்தான். புத்தகத்தைத் தேடவில்லை; அதன் மேல் மாவு பொங்கியிருந்தது.

"எல் இருபத்து மூணு புள்ளி சைபர்," என்றான் சட்டென்று. "குரோமியம் ஒத்துக்காம வர்ற சொறிப்பா."

அப்பா மகனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தோலைப் பார்க்கிற அதே பார்வை.

"சரி, இன்னா மருந்து போடணும்?"

"அது டாக்டர் வேலைப்பா. நாங்க நம்பர் மட்டும்தான்."

"அப்ப இன்னாத்துக்குடா இந்தப் படிப்பு?"

"அதான்பா நானும் யோசிச்சிகினு கீறேன்."