லே-ஆஃபா, வேலையே போச்சா?

கேள்வி: “ஆர்டர் இல்லை, பத்து நாள் லே-ஆஃப்” என்று கம்பெனியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வேலையே போய்விட்டது என்று வீட்டில் ஒரே அழுகை. இரண்டும் ஒன்றா சார்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: முதலில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். லே-ஆஃபில் வேலை தூங்குகிறது, ஆட்குறைப்பில்தான் செத்துப்போகிறது. மஸ்டர் ரோலில் பெயர் இருக்கும்வரை நீங்கள் அந்தக் கம்பெனித் தொழிலாளிதான். 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு முடித்த நிரந்தரத் தொழிலாளி என்றால், அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி உங்களுக்கு உண்டு. பாதிதானே என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள்! தினமும் ஷிப்ட் நேரத்துக்கு கேட்டில் போய் நிற்க வேண்டும். போகாத நாளுக்குப் பைசா கேட்க முடியாது. பதிலி, கேஷுவல் ஆட்களுக்கு இந்தப் பாதியும் இல்லை. அவர்களுக்கு மட்டும் வயிறு இல்லையா என்ன?

ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம், கூடவே முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு, 2020 தொழிலுறவுத் தொகுப்பிலும் இருக்கிறது.

ஒன்று மட்டும் கேளுங்கள்: அவசரப்படுத்தி நீட்டும் ராஜினாமா தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.