அனுப்பிவிடுவேன், ஜாக்கிரதை!

மலேசியாவில் ஒருவரை மட்டம் தட்ட ஓர் ஊர்ப்பெயரே போதும்: தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் ஆங்கிலேயர் அங்கே மனநல மருத்துவமனையைத் திறந்தார்கள். இன்று அது ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. நூறாண்டுக்கு மேல் வைத்தியம் பார்த்தும், பிள்ளைகளை மிரட்டத்தான் அந்த ஊர் பயன்படுகிறது. அங்கேயே குடியிருப்பவர்கள் தம் பிள்ளைகளை எங்கே அனுப்புவதாக மிரட்டுவார்களோ!

2022இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பதின்ம வயதினரில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு. பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கே அதிகம். நம் வீடுகளில் இதற்கு ஆய்வெல்லாம் தேவைப்படாது. பெண் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், "கண்ணு பட்டிருக்கு" என்பார் பாட்டி. "போனைப் பிடுங்குங்க" என்பார் மாமா. பிள்ளை பெற்றவள் ஓயாமல் அழுதால், "பச்சை உடம்புல காத்து பட்டிருக்கு". முச்சந்தியில் பூசணி உடைக்கலாம், ஊரே பார்க்கலாம். அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்ப்பதென்றால் மட்டும் அத்தைக்குப் பதறும்: "யாராச்சும் பார்த்துட்டா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" தாயத்துக்காரருக்கு எத்தனை வெள்ளி போனது என்று மட்டும் கேட்கக் கூடாது.

அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல. சாக முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்ற சட்டத்தை 2023இல்தான் நீக்கியது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது; எடுக்க இவ்வளவு காலமானது. அத்தை அதைவிட மூத்த சட்டம்.